பைப்புக்காகச் சூடேற்றிய அறை

யாவொர்,
ஜனவரி, புனித யோவான் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள ருஷித்சாவுக்கு,

விதோயே எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் இடது கால் கட்டைவிரல் நீங்கலாக நலம் என்று எழுதுகிறேன். விறகுக் கட்டை ஒன்று அதன்மேல் விழுந்துவிட்டது. நகம் போகும், விரல் நிற்கும். நீயும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் எனக்கு வாயில் வைத்தது இறங்குவதில்லை.

"ஃபோன் அடிக்கும்போதெல்லாம் வார்டில் இருக்கிற அத்தனை அம்மாக்களும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறோம், இனிமேல் ஃபோன் செய்யாதே" என்று நீ சொன்னதிலிருந்து உன் எண்ணை நான் தொடவில்லை. மரம் அறுக்கிற ஆலையில் கட்டையின் மேல் அளவு குறிப்பதோடு என் எழுத்து வேலை முடிந்தது, உனக்கே தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பஸ் டிரைவர் ஸ்ரேத்தென் அண்ணன் இந்தப் பையை ஆஸ்பத்திரி வாசல் காவலாளியிடம் கொடுப்பார். கோழி சூப் ஜாடியை நிமிர்த்தி வை. துவைத்த இரவு உடை இரண்டு இருக்கிறது. அடியில் இருக்கும் பாலாடை டப்பாவை நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிடு. சின்னவளை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை நாம் பகைத்துக்கொள்ளக் கூடாது.

நேற்று நம் வீட்டைக் காக்கிற புனிதரின் நாள் நன்றாகவே நடந்தது. அழைக்காமலே வரவேண்டிய விருந்தாளிகள் அழைக்காமலே வந்தார்கள், அழைத்து வந்தவர்கள் போலத் தின்றார்கள். மெழுகுவர்த்தி அணையாமல் நின்றது. உன் நாத்தனார் தோப்ரிலா அக்கா ஒற்றை ஆளாகச் சமைத்துப் பரிமாறி அத்தனை தட்டையும் கழுவினாள். எல்லோரும் சின்னவளைப் பற்றிக் கேட்டார்கள், ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ தூங்குவது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். பெயரை ஒருவரும் கேட்கவில்லை. மார்ச்சில் வரவேண்டியவள் புத்தாண்டுக்கு முன்பே வந்து நிற்கிறாளே, அவசரத்தில் அப்படியே அவள் அம்மா என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

குளிர் இந்த வருஷம் ஆளைக் கொல்கிறது. கொல்லைக்குப் போய்த் திரும்பினால் மீசை கம்பியாக நிற்கிறது. வீட்டைச் சூடேற்றுகிற பாய்லருக்கு நான் அடிமை வேலை செய்கிறேன். கட்டையைத் தின்றுவிட்டு அது என்னைப் பார்க்கிறது, நான் இன்னொரு கட்டையைக் கொண்டு ஓடுகிறேன். போன வாரம் மத்தியானம் கரண்ட் போய் பம்ப் நின்றுவிட்டது. தண்ணீர் ஓடாமல் பாய்லர் குமுற ஆரம்பித்தது. நான் தணலை வாரி வாளியில் போட்டுப் பனியில் கொட்டினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

சின்ன அறையை நீ விட்டுப்போனபடியே சாத்தி வைத்திருக்கிறேன். அக்கா கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். பிள்ளை வீட்டுக்கு வருமுன் அதற்கென்று ஒரு துணி வாங்கக் கூடாது, ஓர் ஆணி அடிக்கக் கூடாது என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அக்காவுக்கு அது வெறும் ஊர்ப் பேச்சு இல்லை. சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிற இரண்டு வெந்நீர் பைப் முனைகளும் மூடியோடு அப்படியே நிற்கின்றன. அங்கே மாட்டி அறையைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர் கொட்டகையில் கிடக்கிறது, கோழிகள் அதன்மேல் ஏறித் தூங்குகின்றன.

இன்னொரு சின்ன விஷயம். தண்ணீர் உறையாமல் இருக்க எல்லோரையும் போல நானும் ராத்திரியில் குளியலறைக் குழாயை நூல் போல ஓடவிடுகிறேன். இரண்டு நாளாகக் குளியல் தொட்டியின் துளையில் களக் களக் என்று ஒரு சத்தம். பெரிதாக ஒன்றும் இருக்காது. நீ சாப்பிடு. கடவுள் உங்கள் இருவர் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கட்டும்.

உன்,
விதோயே


யாவொர்,
பிப்ரவரி முதல் ஞாயிறு

அன்புள்ள ருஷித்சாவுக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், பிறகு மற்றது. ஸ்ரேத்தென் அண்ணனிடம் பையை வாங்க நீயே வாசலுக்கு வந்தாயாம், அதுவும் துணிச் செருப்போடு, பனியில்! "தம்பி, உன் பொண்டாட்டி கால் ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு, நான் பாத்துட்டு என் சாக்ஸக் கழட்டிக் குடுக்கலாமான்னு நெனச்சேன்" என்றார். உனக்குக் காய்ச்சல் வந்தால் சின்னவளைத் தொட விடமாட்டார்கள். அவளுக்காகவாவது பூட்ஸ் போடு.

உன் துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தானே உறிஞ்சிக் குடிக்கிறாள் என்ற வரியை ஆலையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நல்லவேளை, ரம்பம் ஓடிக்கொண்டிருந்ததால் என் குரல் உடைந்தது யாருக்கும் கேட்கவில்லை.

அதே சீட்டில் நீ எழுதியிருந்த இன்னொன்றுக்கு வருகிறேன். இப்படியே எடை ஏறினால் இந்த மாதம் நடுவில் வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் வீடு எப்படி, அறை கதகதப்பாக இருக்குமா, குழந்தையைக் குளிப்பாட்ட, துணி அலச வசதி சரியாக இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டாராம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீ சொன்னாயாம். நல்ல பெண். நீ அங்கே எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த அன்றுதான் இங்கே வாஷிங் மெஷின் துப்பிய தண்ணீர் முழுவதும் குளியல் தொட்டியின் துளை வழியாக மேலே வந்தது. விருந்தன்று தட்டிலிருந்து கழுவிய பன்றிக் கொழுப்பு வேறு கூடவே மிதந்து வந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்தக் களக் களக்தான் மணியோசை. எனக்குப் புத்தி இருந்திருந்தால் கேட்டிருக்கும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் உப்புக் கொட்டச் சொன்னார். ஒருவர் துளைக்குள் பிளம் சாராயம் ஊற்றச் சொல்லி, பாதியைத் தன் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டார். இன்னொருவர் தீ ஊதுகிற கேஸ் விளக்கை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் பைப்புக்குத் தீயா, வீடும் சேர்ந்து உருகிவிடும் என்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் அங்கே பைப் முனை காய்ந்து கிடந்தது. ஆக, அடைப்பு நடுவில் எங்கோ இருக்கிறது. குளியலறைப் பக்கமிருந்து நீளக் கம்பியை விட்டேன். அது சின்ன அறையின் வாசற்படிக்கு நேராகப் போய்க் கல்லில் முட்டியது போல நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற வருஷங்களில் அந்த அறையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸ் பீப்பாயும்தான் இருந்தன. கதவு திறந்தே கிடக்கும், சமையலறைச் சூடு உள்ளே போய் வந்துகொண்டிருக்கும். இந்த வருஷம் நாம் அதைக் காலி செய்து, துடைத்து, சாத்தி, நூல் கட்டிவிட்டோம். அறைத் தரை உறைந்தது, தரைக்கடியில் ஓடுகிற கழிவு பைப்பும் உறைந்தது. நான் புத்திசாலித்தனமாக ஓடவிட்ட நூல் தண்ணீர் அதற்குள் போய் நூல் நூலாகப் படிந்து உறைந்து, கடைசியில் பைப் முழுவதும் ஒரே பனிக்கட்டி. வாளி வாளியாக ஒரேயடியாக ஊற்றியிருந்தால் ஓடிப்போயிருக்கும்.

ஆக, அந்த அறையைத் திறந்து சூடேற்றாமல் வழியில்லை. அக்கா கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "உள்ள போகாத தம்பி. தண்ணி போகலேன்னா நான் வாளியில மொண்டு வெளிய ஊத்துறேன். வெயில் காலம் வர்ற வரைக்கும் ஊத்துறேன். அந்தக் கதவ மட்டும் தொடாத" என்றாள்.

உனக்கு இது முழுவதும் தெரியாது, ருஷித்சா. நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பு அக்காவுக்குக் குழந்தை பிறக்க இருந்தபோது, அத்தான் ஆசையாகத் தொட்டில் செய்து நீல வண்ணம் அடித்து வைத்தார். அக்கா போர்வைகூடப் பின்னி முடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தார்கள். அன்றைக்கே அத்தான் அந்தத் தொட்டிலைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் போட்டார். அதன் பிறகு அவர்கள் வீட்டில் யாரும் எதற்கும் முன்கூட்டி எதையும் தயார் செய்ததில்லை. அதனால்தான் அந்த நூல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அக்கா வழிமறித்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த அறைக்குள் போய் நின்று, அவள் இங்கே தூங்குவாள் என்று நினைக்க எனக்கும் பயம்தான். நான் நினைத்தது தெய்வத்தின் காதில் விழுந்து, அது வேறு மாதிரி முடிவெடுத்துவிட்டால்?

ஆனால் டாக்டரம்மா கேட்டிருக்கிறாரே. நீயும் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாயே. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அக்கா, புள்ளைக்காக யாரு தொறக்கறா? பைப்புக்காகத் தொறக்கறேன். பைப்பு பொறந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கு எந்தத் திருஷ்டியும் கெடையாது" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். தோளுக்குப் பின்னால் மூன்று தடவை துப்பினாள். "பைப்புக்குன்னா சரி. ஆனா உள்ள நின்னு வேற எதையும் வாயால சொல்லக் கூடாது, மனசாலயும் நெனைக்கக் கூடாது" என்று நூலை அவிழ்த்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே சுவர் முழுவதும் வெள்ளைக் கம்பளம் மாதிரிப் பனி படிந்திருந்தது. கரண்ட் ஹீட்டரை வைத்தேன். அக்கா அடுப்பில் செங்கல்களைச் சுட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்து தரையில் பைப் போகிற தடத்தில் வரிசையாக வைத்தாள். ஆறினால் மாற்றினாள். நான் டேங்க் பக்கமிருந்து ரப்பர் குழாயை விட்டு வெந்நீரைச் செலுத்திக்கொண்டே இருந்தேன். மறுநாள் மத்தியானம் தொட்டியிலிருந்த அழுக்குத் தண்ணீர் மாடு குடிப்பது போல ஒரே மடக்கில் உள்ளே போயிற்று. கொல்லையில் டேங்க் பக்கம் நின்ற அக்கா "வருது தம்பி, வருது!" என்று கத்தினாள். சாக்கடைத் தண்ணீரைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட இரண்டு பேரை ஊர் பார்த்திருக்காது.

பைப் சுவரைத் தாண்டுகிற இடத்தில் ஆலையிலிருந்து மரத்தூள் மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டேன். டேங்க் மூடிமேல் வைக்கோலும் சாணமும் போட்டு மூடியாயிற்று. குழாயை நூல் போல விடுகிற பழக்கத்துக்கு முழுக்குப் போட்டாயிற்று. தொட்டியில் நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுகிறோம். கவலைப்படாதே. பூட்ஸ் போடு.

உன்,
விதோயே


யாவொர்,
பிப்ரவரி மூன்றாம் வாரம்

அன்புள்ள ருஷித்சாவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சென்ற வாரமே வேறு மாதிரி எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழிக்கவில்லை, முதலில் அதில் இருந்ததைச் சொல்கிறேன். உனக்குச் சிரிப்பு வரட்டும்.

பைப் இப்போது இந்த வீட்டின் ராஜகுமாரி. ஹீட்டர் கரண்டைத் தின்கிறது, பைப்புக்கு நிரந்தரமாக ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கோழிகளைக் காலி செய்துவிட்டு ரேடியேட்டரை எடுத்து வந்தேன். மூன்று தடவை தேய்த்துக் கழுவிச் சுவரில் மாட்டி, வால்வைத் திறந்து காற்றை எடுத்தேன். உஸ் என்று நெடுநேரம் பெருமூச்சு விட்டுவிட்டு, கடைசியில் தண்ணீரைத் துப்பிச் சூடேறியது. மறுநாள் ஆலையிலிருந்து வந்து பார்த்தால் தரையில் கம்பளம் விரித்திருந்தது. என்னக்கா என்று கேட்டேன். "பைப்புக்கு அடியில குளிராதா?" என்றாள். அதற்கு மறுநாள் ஜன்னல் இடுக்கெல்லாம் கம்பளி திணித்திருந்தது. "பைப்புக்குக் காத்து ஆகாது, சளி புடிச்சுக்கும்" என்றாள். திரைச்சீலை வந்தது. மஞ்சள் நிறத்தில், வாத்துப் படம் போட்டது. அதையும் பைப்புக்குத்தான் என்று சொல்ல அக்காவுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். இருவருமாக அந்த அறையில் உட்கார்ந்து காபி குடித்தோம். பைப் சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டோம். நல்ல நாட்கள் அவை.

பிறகு வியாழக்கிழமை ஸ்ரேத்தென் அண்ணன் வீட்டுக்கே வந்தார். எப்போதும் பஸ்ஸை ரோட்டில் நிறுத்தி ஹாரன் அடிக்கிற மனுஷன், அன்று அடிக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் நான் செத்துப் பிழைத்தேன், ருஷித்சா. "உசுருக்கு ஒண்ணும் இல்ல தம்பி, மொதல்ல அதக் கேட்டுக்க" என்று ஆரம்பித்துத்தான் மற்றதைச் சொன்னார். நம் சின்னவள் மூச்சு விட மறந்துவிட்டாள், நீலம் பாரித்துவிட்டாள், நர்ஸம்மா அவள் உள்ளங்காலைச் சுண்டினார், மூச்சு திரும்பியது, மறுநாள் மறுபடியும் அதே மாதிரி. இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். வாசலில் நீ இதைச் சொல்லும்போது அழவில்லை என்றும், அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்றும் சொன்னார்.

அக்கா எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நேராகச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதற்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும், ரேடியேட்டர் வால்வை மூடத்தான். நான் தடுக்கவில்லை. வால்வுக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் என் காலுக்கு அந்தப் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. மூடினால் மூடட்டும், பைப் உறைந்தால் உறையட்டும், அவள் பிழைத்தால் போதும் என்று பாய்லர் அறைக்கு இறங்கிப் போனேன்.

அங்கிருந்து சின்ன அறைக்குப் போய்த் திரும்புகிற வெந்நீர்க் குழாய் மேல் கையை வைத்தேன். வால்வை மூடினால் அது ஆறிப்போகும். ஆறுகிறதா, ஆறுகிறதா என்று கையை எடுக்காமல் நின்றேன். சூடாகத்தான் இருந்தது. கட்டை எரிந்து தணலாகி, நான் அடுத்த கட்டையைப் போட்ட பிறகும் சூடாகவே இருந்தது. அப்புறம்தான் மேலே போனேன்.

அக்கா கம்பளத்தில் உட்கார்ந்து ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்திருந்தாள். "மூடத்தான்டா வந்தேன். கை போகல" என்றாள். பிறகு சொன்னாள்: "நான் போர்வை பின்னுனதால எம்புள்ள போகலடா. எம்புள்ள போச்சு, அவ்வளவுதான். இத்தன வருஷமா அந்தத் தொட்டில் மேலயே பழியப் போட்டுட்டு இருந்திருக்கேன். அது பாவம், மரம். அது என்ன பண்ணும்?" நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் அழுதோம். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அத்தான் செத்தபோதுகூட.

பிறகு திடீரென்று எழுந்து, தான் அடைத்த கம்பளியைத் தானே பிடுங்கி, ஜன்னலைத் திறந்து, பனியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "கேட்டுக்கோங்க! இது புள்ளையோட ரூம்! பைப்புக்கு இல்ல!" அண்டை வீட்டு நாய் குரைத்தது. சூடு வெளியே போகிறது என்று உடனே ஜன்னலைச் சாத்தி, மறுபடி கம்பளியைத் திணித்தாள். அன்றிலிருந்து குட்டிப் போர்வை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறாள். யார் வந்து கேட்டாலும் யாருக்கு என்று சொல்கிறாள்.

ருஷித்சா, நீ ஆஸ்பத்திரியில் அழவில்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் அழு. இங்கே எல்லாம் சரி என்று நீ சொன்னது இப்போது உண்மை. அறை கதகதப்பாக இருக்கிறது, தண்ணீர் தடையில்லாமல் போகிறது, விறகு ஏப்ரல் வரை தாங்கும். போதாவிட்டால் வேலியைப் பிடுங்கி எரிப்பேன். அடுத்த வாரம் அனுப்பினாலும் சரி, அடுத்த மாதம் அனுப்பினாலும் சரி, அந்த அறை ஒரு நாளும் ஆறாது. டாக்டரம்மா அவசரப்படவில்லை என்றால் நாமும் அவசரப்பட வேண்டாம்.

பெட்டியின் அட்டையில் இன்னமும் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று முன்பு சொன்னாயே. அதை அடித்துவிட்டு நெவேனா என்று எழுதச் சொல். நாம் இருவரும் போர்வைக்குள் முணுமுணுத்து வைத்த பெயரைப் பெரிய எழுத்தில் எழுதட்டும். எல்லோரும் படிக்கட்டும்.

மறுபடி அவள் மூச்சு விட மறந்தால், உள்ளங்காலைச் சுண்டு. மெதுவாகச் சுண்டு, ஆனால் கேட்கிற மாதிரி சுண்டு. அப்பா சுண்டச் சொன்னார் என்று காதில் சொல்லிச் சுண்டு. நான் இங்கே நெருப்பைப் பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கே அவள் மூச்சைப் பார்த்துக்கொள். ஆண்டவர் நம் மூன்று பேரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

நெவேனாவின் அப்பா,
விதோயே